இல்லக் கொடுமையும் ஜமாஅத்தின் கடமையும்

கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் மன அமைதி பெறவேண்டும் என்பதற்காகவே அல்லாஹு தஆலா ஜோடிகளைப் படைத்தான் என்றும், அவர்களிடையே அன்பையும் இரக்கத்தையும் அவனே உண்டாக்கினான் என்றும் ஸூரத்துர் ரூம் (30:21) நமக்கு அறிவிக்கிறது. நிக்காஹ் மஜ்லிஸ்களில் இந்த ஆயத்து ஓதப்படுவதை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கேட்டு, துஆச் செய்து, விருந்துண்டு கலைந்து விடுகிறோம். அதன் பிறகு அந்த இல்லத்தினுள் அன்பும் இரக்கமும் நிலவுகின்றனவா, அன்றி அடியும் உதையும் நிலவுகின்றனவா என்று விசாரிப்பவர் நம்மில் எத்தனை பேர்? இம்முறை நமது பாடம் அதைப் பற்றியதே.

இல்லக் கொடுமை என்றவுடன் பலரும் கன்னத்தில் விழும் அறையை மட்டும் நினைக்கின்றனர். அது பரந்த விஷயம். அடிப்பது, அடிப்பேன் என்று ஓயாமல் மிரட்டுவது, வீட்டினுள் பூட்டி வைப்பது, அவள் சம்பளத்தைப் பிடுங்கிக் கொள்வது, அடையாள அட்டையை ஒளித்து வைப்பது, பெற்றவர்களோடு பேசவிடாமல் தடுப்பது, பிள்ளைகள் முன்னிலையில் நாக்கூசும் சொற்களால் ஏசி உள்ளத்தை நொறுக்குவது ஆகிய யாவும் கொடுமையே. இதைச் செய்பவன் கணவனாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. மாமியார், மைத்துனர், சில வீடுகளில் வயது முதிர்ந்த தாய்தந்தையரை வதைக்கும் மகன் என்று பலர் உண்டு. எனினும் அடி வாங்குபவர்களில் மனைவிமாரே மிகுதி. உலகெங்கும் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தம் வாழ்நாளில் அடியையோ பலாத்காரத்தையோ அனுபவித்திருக்கிறார் என்றும், அவர்களில் பெரும்பாலோருக்கு அதைச் செய்தவன் கணவனோ துணைவனோதான் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு கூறுகிறது. இந்த மதத்தார், இந்த நாட்டார் என்ற பேதம் இதில் இல்லை.

நமது மலைநாட்டின் நிலை

1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இந்தக் கேமரன் மலையில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். நள்ளிரவில் ஓர் ஏனம் விழுந்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். பெண்ணின் அலறலும் அவ்வாறே கேட்கும். விடிந்தபின் கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது! தானா ராத்தா கடைத்தெருவின் மாடி வீடுகளிலும் இதே நிலைதான்.

இங்கே துன்பப்படும் பெண்ணுக்கு வேறு சில இடையூறுகளும் உண்டு. தோட்டத்து வீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டியது. கணவன் வேலையால் கிடைத்த வீடாயின், கணவனை விட்டு விலகுவது தலைமேல் உள்ள கூரையை விட்டு விலகுவதாக முடிகிறது. தாய்வீடு தாப்பாவிலோ ஈப்போவிலோ இருக்கும். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கையில் பணமின்றி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக அவள் எங்கே போவாள்? "ஏன் இத்தனை நாள் பொறுத்திருந்தாள்?" என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

அவள் கால்களை மேலும் கட்டிப்போடுபவை நாம் சொல்லும் சொற்கள். அவற்றில் நான்கை மார்க்கத்தின் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

முதற் சொல்: "வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே, அது புறம் பேசுதல்"

புறம் பேசுதல் பெரும் பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரது குறையைச் சொல்வது ஆகுமாகும் ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கிறார்கள். அவற்றுள் முதலாவது, அநீதி இழைக்கப்பட்டவர் தமக்கு நீதி வழங்கும் அதிகாரம் உடையவரிடம் முறையிடுவது. தீமையைத் தடுக்க உதவி தேடுவதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும் அந்த ஆறில் அடங்கும். அபூஸுப்யானின் மனைவி ஹிந்த் அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று முறையிட்டதை நாம் ஹதீஸில் காண்கிறோம். கணவனின் குறையைச் சொல்லாதே என்று நாயகம் அவரைத் தடுக்கவில்லை. தமக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமான அளவு எடுத்துக் கொள்ளவே அனுமதித்தார்கள்.

இதனினும் மேலாக, திருமறையின் 58ஆம் ஸூராவின் பெயரையே கவனியுங்கள்: அல் முஜாதலா. தன் கணவன் விஷயமாக வாதாடிய ஒரு பெண்மணியை முன்னிட்டு வந்த பெயர் அது. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்களின் முறையீட்டை அல்லாஹ் செவியேற்றான் என்றே அந்த ஸூரா தொடங்குகிறது. ஏழு வானங்களுக்கு அப்பாலிருந்து அவன் கேட்ட முறையீட்டை, ஒரு சுவருக்கு அப்பாலிருக்கும் நாம் கேட்க மறுப்பது எவ்வாறு தகும்?

இரண்டாம் சொல்: "அவர் நல்ல மனிதர், ஐந்து வேளை தொழுபவர்"

இச்சொல்லுக்கு விடையாக அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி உள்ளது. ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களை அவர்தம் கணவர் தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்கள் அடித்து, உடலில் முறிவு ஏற்பட்டது. அந்த அம்மையார் விடியற்காலையில் நாயகத்திடம் வந்து முறையிட்டார்கள். தாபித் அவர்கள் சாமானியரல்லர். அன்ஸாரிகளின் பேச்சாளர் என்று புகழ்பெற்றவர். அவருடைய கீர்த்தியைக் காட்டி அம்மையாரின் வாயை நாயகம் அடைக்கவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. கணவரை அழைத்து, மஹராகக் கொடுத்ததிலிருந்து பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி பணித்தார்கள். முறையிட்ட அன்றே வழி பிறந்தது. பத்துத் தடவை பஞ்சாயத்துக் கூடி, பத்துத் தடவையும் அதே வீட்டுக்கு அனுப்பி வைக்கும் நமது வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் சொல்: "அடிக்க மார்க்கம் அனுமதி கொடுத்திருக்கிறதே"

இச்சொல்லை உரைப்பவர்கள் ஸூரத்துன் னிஸாவின் 34ஆம் ஆயத்தைக் காட்டுகின்றனர். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மார்க்கத்தின் மற்ற வாசகங்களையெல்லாம் விட்டுவிடுவது அறிவுடையோர் செயலன்று. அதே ஸூராவின் 19ஆம் ஆயத்து மனைவியரோடு நல்லமுறையில் வாழும்படி கட்டளையிடுகிறது. ஸூரத்துல் பகராவின் 231ஆம் ஆயத்து, துன்புறுத்துவதற்காக மனைவியைத் தடுத்து வைத்துக் கொள்ளாதீர் என்று எச்சரிக்கிறது. மக்காவின் பேரறிஞரான தாபியீன் அதாஉ இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்கள், கணவன் மனைவியை அடிக்கலாகாது, கோபத்தை முகத்தில் காட்டுவதோடு நிற்கவேண்டும் என்று கருதினார்கள். நமது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களும் அடிக்காமல் விடுவதே சிறந்தது என்று உரைத்தார்கள். அனுமதி என்று கண்ட இமாம்களும் காயம் உண்டாக்கும் அடியையும் முகத்தில் அடிப்பதையும் விலக்கியே வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முடிவாக நாயகத்தின் நடைமுறை இருக்கிறது. அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளையும் தம் கரத்தால் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி கூறுகிறார்கள். தாடியிலும் தலைப்பாகையிலும் ஸுன்னத்தைத் தேடும் நாம், கையை அடக்கும் ஸுன்னத்தை எங்கே தொலைத்தோம்?

நான்காம் சொல்: "ஸபுர் செய் மகளே, போகப் போகச் சரியாகிவிடும்"

ஸபுர் உயர்ந்த குணமே. நோயிலும் வறுமையிலும் ஸபுர் செய்யும் அடியார்க்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் அநியாயம் செய்பவனின் கையைப் பிடித்துத் தடுப்பது மற்றவர்மீது கடமையாயிருக்க, அதைச் செய்யாமல் அடிபடுபவளிடம் மட்டும் பொறுமையைக் கேட்பது ஸபுர் ஆகாது. அது நமது சோம்பலுக்கு நாம் இட்ட பெயர். அன்றியும் இல்லக் கொடுமை தானாகச் சரியாவது அரிது. அடித்தவன் மறுநாள் அழுவான், மன்னிப்புக் கேட்பான், துணிமணி வாங்கித் தருவான். சில நாள் அமைதி. பிறகு முன்னிலும் பலமாக அடி விழும். கண்டிப்பார் இல்லாத இடத்தில் இந்தச் சுற்று ஓயாமல் சுழலும். நடுவில் அகப்பட்ட பிள்ளைகளோ, மகனாயின் அடிக்கவும் மகளாயின் அடிபடவும் வீட்டிலேயே பாடம் படிக்கின்றனர்.

"ஸூரத்துன் னிஸா இருதரப்பிலிருந்தும் ஒவ்வொரு மத்தியஸ்தரை வைக்கச் சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். ஆம், சொல்கிறது (4:35). மத்தியஸ்தம் என்றால் இருவரும் அச்சமின்றிப் பேசவேண்டும், நியாயம் எங்கே இருக்கிறதென்று பார்க்கவேண்டும். அடித்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "சொல்லம்மா, என்ன குறை?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அன்றிரவு அவனோடு அதே கதவுக்குள் போகவேண்டியவள் அல்லவா?

புதுக்கோட்டை கேட்ட கேள்வி

நம்மில் பலருக்குப் பூர்வீகமான தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். அங்கே பல ஊர்களில் குடும்ப வழக்குகளை ஆண்கள் மட்டும் அடங்கிய ஜமாஅத் விசாரிப்பதும், சம்பந்தப்பட்ட பெண்ணே அவ்விடத்தில் இல்லாமல் தீர்ப்பு ஆவதும் வழக்கமாயிருந்தது. இதைக் கண்டு மனம் பொறாத புதுக்கோட்டை ஷரீபா கானம் அவர்களும் அவரோடு சேர்ந்த பெண்களும் 2004ஆம் ஆண்டு பெண்கள் ஜமாஅத் ஒன்றை ஏற்படுத்தினர். அது 12 மாவட்டங்களில் 12,000 பேர் கொண்ட அமைப்பாக வளர்ந்தது. அதைப் பற்றி 2011ஆம் ஆண்டு தீபா தன்ராஜ் அவர்கள் ஒரு செய்திப்படமும் எடுத்தார். அப்பெண்களின் ஒவ்வொரு செயலையும் ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது: ஒருத்தியின் வாழ்வைப் பற்றிப் பேசும் சபையில் அவள் குரல் கேட்கவேண்டாமா? நாயகத்தின் சபையில் கேட்டது; நமது சபையில் ஏன் கேட்கக் கூடாது?

நாட்டின் சட்டம் தரும் பாதுகாப்பு

மலேசியாவில் 1982ஆம் ஆண்டு பெண்கள் உதவி நிறுவனம் முதல் புகலிடத்தைத் திறந்தது. பல மாதர் அமைப்புகள் 1985 முதல் ஒன்றுகூடி உழைத்ததன் பலனாக 1994ஆம் ஆண்டு இல்ல வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு அச்சட்டம் பொருந்துமா என்ற வாதம் அப்பொழுது எழுந்தது. அடிதடி குற்றவியல் விஷயமாதலின், குற்றவியல் சட்டத்தோடு இணைத்து முஸ்லிம், முஸ்லிமல்லாதார் அனைவருக்கும் பொதுவாகவே அது இயற்றப்பட்டது. 2012, 2017ஆம் ஆண்டுகளில் திருத்தங்களும் செய்யப்பட்டன. உள்ளத்தை வதைப்பதும் இப்பொழுது அச்சட்டத்தின்படி வன்முறையே. மார்க்க முறைப்படி நிக்காஹ் நடந்து, பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் அப்பெண்ணுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

மூன்றுவித உத்தரவுகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, அவசரப் பாதுகாப்பு உத்தரவு. இதைச் சமூக நல இலாகா அதிகாரியே வழங்குவார். போலீஸ் புகாரோ கோர்ட்டோ தேவையில்லை. 7 நாட்களுக்குச் செல்லும். இரண்டாவது, போலீஸ் விசாரணை நடக்கும்போது மாஜிஸ்திரேட் கோர்ட்டு வழங்கும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு. மூன்றாவது, வழக்கு நடக்கும்போது வழங்கப்படும் பாதுகாப்பு உத்தரவு. வீடு யார் பெயரில் இருந்தாலும், குடியிருக்கும் உரிமையை அவளுக்கே கொடுத்து, அடித்தவனை வெளியே நிறுத்தவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறுவது தண்டனைக்குரிய குற்றம்.

ஷரீஅத் கோர்ட்டிலும் வழி திறந்தே இருக்கிறது. வழக்கமாக அடிப்பதும், கொடிய நடத்தையால் வாழ்வைத் துன்பமாக்குவதும் பஸ்கு பெறுவதற்குரிய காரணங்கள் என்று பஹாங் மாநிலத்தின் 2005ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் ஏற்றுக் கொள்கிறது. இது புதுமையன்று. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு நிறைவேறிய முஸ்லிம் விவாக ரத்துச் சட்டத்திலும் இதே காரணம் உண்டு. ஹனபி மத்ஹபில் வழி குறுகலாயிருந்ததால், உலமாப் பெருமக்களே மாலிகி மத்ஹபின் தீர்ப்பை எடுத்து அச்சட்டத்துக்கு வழி வகுத்தனர். "வீட்டை விட்டு வெளியேறினால் நுஷூஸ் ஆகிவிடும்" என்று பெண்களைப் பயமுறுத்துவோரும் உண்டு. தகுந்த காரணமின்றி வெளியேறுவதே நுஷூஸ். உயிருக்கு அஞ்சி ஓடுவதைவிடத் தகுந்த காரணம் வேறென்ன இருக்கிறது?

நாம் செய்யவேண்டியவை

ஒரு சகோதரி நம்மிடம் வந்து சொன்னால், முதலில் அவளை நம்பவேண்டும். "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி அவள் வாயை என்றைக்குமாக மூடிவிடும். அவள் சொன்னதை அவள் அனுமதியின்றி யாரிடமும், குறிப்பாக அவள் கணவனிடம், சொல்லலாகாது. விலகிப் போகும் வேளையே ஆபத்து மிகுந்த வேளை. ஆகவே போவதா இருப்பதா என்ற முடிவை அவளே செய்யட்டும். நாம் துணை நிற்போம்.

அவளுடைய அடையாள அட்டை, நிக்காஹ் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை, அல்லது அவற்றின் நகல்களை, நம்பகமான ஒரு வீட்டில் வைக்க உதவலாம். காயம் பட்டிருந்தால் தாமதமின்றித் தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, காயம் எப்படி ஏற்பட்டது என்பதை டாக்டரிடம் உண்மையாகச் சொல்லச் செய்யவேண்டும். "படியில் விழுந்தேன்" என்று எழுதப்பட்டால் நாளைய வழக்கில் அதுவே அவளுக்கு எதிராக நிற்கும். போலீஸ் நிலையத்துக்கோ சமூக நல அலுவலகத்துக்கோ தனியே போக அஞ்சுபவளுடன் நமது மாதர்கள் இருவர் உடன் செல்லலாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யட்டும்.

நமது ஜமாஅத் செய்யவேண்டியது இன்னும் அதிகம். முறையீடு செய்யும் பெண் ஆண்களின் சபையில் நின்று நடுங்காதபடி, முதலில் அவள் சொல்வதைக் கேட்க விஷயமறிந்த இரு மாதர்களை நியமித்தல் வேண்டும். இரண்டொரு நாள் தங்க இடம், தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போக வாகனம், கைச் செலவுக்குச் சிறு தொகை ஆகியவற்றுக்கு ஏற்பாடு இருக்கவேண்டும். ஜும்ஆப் பேருரைகளில் இவ்விஷயம் இடம்பெறவேண்டும். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் கோபத்தைப் பற்றி விசாரித்தால் அறிந்தவர்கள் மறைக்கலாகாது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நாயகமே வெளிப்படையாக எச்சரித்தார்கள் அல்லவா?

அடிக்கும் சகோதரனுக்கும் ஒரு சொல். வேலைக் களைப்பு, கடன், குடி என்று காரணம் காட்டுவது எளிது. அதே களைப்போடு மண்டோர்முன் நிற்கும்போது உன் கை எழுவதில்லை. ஆகவே கோபம் உன் அடக்கத்தில்தான் இருக்கிறது. அல்லாஹ் அடைக்கலப் பொருளாக ஒப்படைத்த ஒருத்தியிடம் மட்டும் அதை அவிழ்த்துவிடுகிறாய். கையை நிறுத்து, தவ்பாச் செய், உதவி தேடு. உனக்குப் புத்தி சொல்லவும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் உன் திருத்தத்துக்காக அவள் அடிபட்டுக்கொண்டே காத்திருக்கவேண்டும் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

சகோதர சகோதரிகளே! அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்பது நாயகத்தின் எச்சரிக்கை. இன்றிரவு அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் ஓர் அழுகை கேட்டால், எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். அல்லது 999க்கு அழையுங்கள். அந்தத் துஆ நமக்கு எதிராக உயராதிருக்கட்டும். வல்ல ரஹ்மான் நமது இல்லங்களை அன்பும் இரக்கமும் நிறைந்தவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.